வழி சொல்லத் தெரிந்தவர் எழுதலாம்

எழுத வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "ஐயா, நாலு வரி படிச்சதும் மூடிட்டுப் போயிடறாங்க. என்ன பண்றது?" மயிலம் மலையடிவாரத்துத் தமிழ்க் கல்லூரியில் படித்து, திண்டிவனத்தில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தே தலை நரைத்தவன் நான். பிறர் எழுத்தை எழுத்தெழுத்தாகப் படிப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. எந்த வரியில் கண் சொக்கும், எந்தப் பத்தியில் எழுந்து டீ குடிக்கப் போகத் தோன்றும் என்பது, எழுதியவரைவிட மெய்ப்புப் பார்ப்பவனுக்கு நன்றாகத் தெரியும். அந்த உரிமையில் சொல்கிறேன்.

இதைக் கற்க நீங்கள் வெளியூர் போக வேண்டாம். பாடப்புத்தகம் நம் மண்ணிலேயே இருக்கிறது. அதன் பெயர் சிறுபாணாற்றுப்படை. இன்றைக்குத் திண்டிவனத்தோடு ஒட்டிக்கிடக்கிற கிடங்கல், மரக்காணக் கரை எல்லாம் அடங்கிய ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனைப் பற்றி, இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடியது. மொத்தம் 269 அடி. பரிசு வாங்கிக்கொண்டு திரும்புகிற பாணன் ஒருவன், பசியோடு எதிரே வருகிற இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். அவ்வளவுதான் விஷயம். 1889இல் உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சில் கொண்டுவந்த பிறகு எத்தனையோ தலைமுறை இதைப் படித்துவிட்டது. இன்னும் ஒருவரும் பாதியில் மூடிவைக்கவில்லை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

1. ஒரே ஒருவருக்கு எழுதுங்கள்.

நத்தத்தனாரின் பாணன் ஊரைக் கூட்டிப் பேசவில்லை. எதிரே நிற்கிற ஒருவனிடம் பேசுகிறான். அவனோடு வந்த விறலியர் நடந்து நடந்து களைத்திருக்கிறார்கள். அவர்கள் பாதத்தைப் பிடித்துவிடுகிறார்கள் கூட வந்த இளைஞர்கள். கேட்பவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் அங்கே பேச்சே தொடங்குகிறது.

நீங்களும் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். கூட்டேரிப்பட்டில் இறங்கி மயிலம் பேருந்துக்காக நிற்கிற உங்கள் பெரியம்மா மகன் என்று வைத்துக்கொள்வோம். கையில் செல்போன். வண்டி எப்போது வரும் என்று தெரியாது. வந்தால் உடனே ஏறிவிடுவார். அவர் பெயரைத் தாளின் தலையில் எழுதிவைத்துக்கொண்டு தொடங்குங்கள். எழுதி முடித்தபின் பெயரை அடித்துவிடலாம். "இந்த வரியைப் படித்தால் அண்ணன் என்ன சொல்வார்?" என்று வரிக்கு வரி கேட்டாலே பாதி பொய் உதிர்ந்துவிடும். "வாசகப் பெருமக்களே" என்று கூப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

2. தொண்டையைச் செருமிக்கொண்டே இருக்காதீர்கள்.

என் மேசைக்கு வந்த கட்டுரைகளில் பெரும்பாலானவற்றுக்கு முதல் பத்தியை எடுத்துவிட்டால் ஒரு குறையும் வராது. சிலவற்றுக்கு முதல் மூன்று பத்தி. மயிலம் பங்குனி உத்திரத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தவர், தமிழர் வாழ்வில் திருவிழாக்கள் பெரும் பங்கு வகிப்பதைச் சொல்லி, மாதந்தோறும் வரும் விழாக்களை அடுக்கி, முருகன் தமிழ்க் கடவுள் என்று நினைவூட்டி, அப்புறம்தான் மலையேறுவார். அதற்குள் அண்ணன் பேருந்து ஏறியிருப்பார்.

தேரில் தொடங்கினால் என்ன? வடம் பிடிக்க வந்த கூட்டம் பாதி, விட்ட செருப்பைத் தேடுகிற கூட்டம் பாதி என்று தொடங்கிப் பாருங்கள். திருவிழா என்று சொல்லாமலே திருவிழா வந்துவிடும். மயிலம் பொம்மபுர ஆதீனத்தின் வரலாறும் தலபுராணமும் எங்கும் ஓடிப்போகாது. அவற்றுக்கான இடம் பின்னால் வரும்.

எழுதும்போதே நல்ல முதல் வரி அமைந்துவிட வேண்டும் என்று வெற்றுத்தாளை முறைத்துக்கொண்டு உட்காராதீர்கள். எப்படியாவது தொடங்கி முழுவதும் எழுதி முடியுங்கள். பிறகு உங்கள் முதல் வரியை நடுவில் எங்காவது தேடுங்கள். அங்கேதான் இருக்கும்.

3. பசியைக் காட்டுங்கள், பசி என்று சொல்லாதீர்கள்.

இந்த அறிவுரைக்கு மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரசனைப் பார்ப்பதற்கு முன் தன் வீடு எப்படி இருந்தது என்று அந்தப் பாணன் சொல்கிறான். நாய் குட்டி போட்டிருக்கிறது. குட்டிகளுக்கு இன்னும் கண் திறக்கவில்லை. பால் குடிக்க முட்டுகின்றன. தாய்க்குப் பால் இல்லை, வலி தாங்காமல் கத்துகிறது. அது கிடப்பது அடுக்களையில். கூரைக் கழி சரிந்துவிட்டது, சுவரைக் கறையான் தின்றுவிட்டது, தரையில் காளான் முளைத்திருக்கிறது. அடுப்பு எரிந்து எத்தனை நாளாகியிருந்தால் அங்கே காளான் முளைக்கும் என்று அவன் சொல்லவில்லை. நம்மைக் கணக்குப் போட வைக்கிறான். வீட்டுப் பெண் குப்பைமேட்டில் வேளைக்கீரையை நகத்தால் கிள்ளிக்கொண்டு வந்து, உப்பில்லாமல் அவிக்கிறாள். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்துகிறாள். புறம்பேசுகிறவர்கள் கண்ணில் இது பட்டுவிடக் கூடாது. அப்புறம் சுற்றம் எல்லாம் உட்கார்ந்து அந்தக் கீரையைப் பகிர்ந்து தின்கிறார்கள்.

"வறுமையின் கோரப்பிடி" என்று எழுதுகிறீர்களே, அந்தத் தொடரையும் இந்தச் சாத்திய கதவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோரப்பிடி யாரையும் பிடித்ததில்லை. கதவு பிடிக்கிறது. ஏனென்றால் அதற்குள் பசி மட்டும் இல்லை, மானமும் இருக்கிறது. உப்புக்கு வழியில்லாதவளும் அக்கம்பக்கத்தாரின் வாய்க்கு அஞ்சுகிறாள். மரக்காணத்து உப்பளம் இருக்கிற நாட்டில் உப்பில்லாத கீரை! (இது என் சொந்தச் சேர்க்கை, புலவர் அப்படி நினைத்தாரா என்று கேட்டால் கைவிரித்துவிடுவேன்.)

இன்னொன்றும் கவனியுங்கள். இதை அவன் வசதியாக இருப்பவரிடம் சொல்லி இரக்கம் சம்பாதிக்கவில்லை. பசியோடு நிற்கிறவனிடம், நாங்களும் இப்படித்தானப்பா இருந்தோம் என்கிறான். அதனால்தான் அவன் காட்டுகிற வழியை எதிரே நிற்பவன் நம்புகிறான். உங்கள் வாசகருக்கு என்ன தொல்லை என்பது உங்களுக்குத் தெரியும் என்று ஒரு காட்சியில் காட்டிவிட்டால், அடுத்த பத்துப் பத்திக்கு அவர் எங்கும் போகமாட்டார்.

பெயரடைகளைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். நாய், காளான், கீரை, கதவு. எல்லாம் பொருள்கள்.

4. ஊருக்கு ஊர் சோறு போடுங்கள்.

வழி சொல்கிறவன், நேரே போ, கடைசியில் அரண்மனை வரும், அங்கே விருந்து என்று சொல்லியிருக்கலாம். நடந்து களைத்தவனுக்கு அது போதாது. எயிற்பட்டினத்தில் என்ன கிடைக்கும்? மீனவப் பெண் வடித்த கள்ளைப் பரதவர் தருவார்கள், சுட்ட குழல்மீன் கருவாடும் கிடைக்கும். வேலூரில்? வேட்டுவப் பெண்கள் ஆக்கிய புளிச்சோறும் ஆமான் சூட்டு இறைச்சியும். ஆமூரில்? உழவர் வீட்டில் குத்திய வெள்ளரிசிச் சோற்றோடு நண்டு. கடல், காடு, வயல் என்று நிலம் மாறமாற இலையில் விழுவதும் மாறுகிறது. எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காட்டுகிறார்கள். ஆகவே இது நம் ஊர்ச் சாப்பாட்டுப் பட்டியலும்கூட.

நீண்ட கட்டுரை எழுதுகிறவர்கள் செய்கிற பெரிய தவறு, நல்ல சரக்கை எல்லாம் கடைசிக்கு ஒளித்துவைப்பது. கடைசிவரை யார் வருவார்கள் என்று நினைக்கிறீர்கள்? மூன்று பத்திக்கு ஒருமுறையாவது வாசகர் கையில் ஏதாவது கொடுங்கள். அவருக்குத் தெரியாத ஒரு செய்தி, ஒருவர் வாயிலிருந்து வந்த ஒரு பேச்சு, சின்னச் சிரிப்பு, எதுவானாலும் சரி. ஆனால் ஒரே மாதிரியாக வேண்டாம். மூன்று ஊரிலும் கருவாடு என்றால் பாணன் திரும்பிப் போயிருப்பான்.

சுஜாதாவின் 'கணையாழி' கடைசிப் பக்கங்களைத் தேடிப் படியுங்கள். ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். என்ற பெயரில் தொடங்கியது அது. இதழைப் பின்பக்கமிருந்து திறக்கும் பழக்கத்தைப் பலருக்கு ஏற்படுத்திவிட்டார். ஒரே பக்கத்துக்குள் ஒரு புத்தகம், ஒரு சினிமா, ஒரு வம்பு, கொஞ்சம் விஞ்ஞானம். எதிலும் தேவைக்கு மேல் நிற்கமாட்டார். நமக்கு அலுக்கும் முன் அவர் கிளம்பியிருப்பார்.

5. தலைப்பில் பொய் சொல்லாதீர்கள்.

"அதிர்ச்சி! மயிலம் மலையில் நடந்தது என்ன?" என்று தலைப்பிட்டு, உள்ளே படிக்கட்டுக்கு வெள்ளை அடித்த கதையைச் சொன்னால், அன்றைக்கு ஆயிரம் பேர் வருவார்கள். மறுமுறை உங்கள் பெயரைப் பார்த்ததும் அந்த ஆயிரம் பேரும் தள்ளிவிட்டுப் போவார்கள். உள்ளே இருப்பதைத்தான் தலைப்பு சொல்ல வேண்டும். சொன்னதைவிடக் கொஞ்சம் கூடுதலாக உள்ளே இருக்க வேண்டும். கட்டுரையை முடித்துவிட்டுத் தலைப்பு வையுங்கள்.

6. நாளையும் நேரத்தையும் ஆளையும் குறித்துவையுங்கள்.

மயிலத்திலிருந்து புதுச்சேரி போகும்போதெல்லாம் எனக்கு ஆனந்தரங்கப் பிள்ளை நினைவு வரும். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸ் துரைக்கு துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர். 1736இல் தொடங்கி 1761இல் சாகும்வரை நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு, கோட்டையில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள், துரைசானி என்ன சூழ்ச்சி செய்தாள், எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று எல்லாம் அதில் இருக்கிறது. அவர் இலக்கியம் எழுதவில்லை. வாக்கியங்கள் சில இடத்தில் முடிவே இல்லாமல் போகும். ஆனாலும் 1904 முதல் 1928 வரை சென்னை அரசாங்கம் அதைப் பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டது. காரணம் நடை அழகு இல்லை. அந்தத் தகவல் வேறு யாரிடமும் இல்லை.

உங்களிடம் மட்டும் இருக்கிற தகவல் எது? அப்பா மல்லாட்டை போடுகிறாரா? எந்த ரகம் என்று கேளுங்கள். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ரகங்களுக்கு டி.எம்.வி. என்று நம் ஊர்ப் பெயரை ஒட்டித்தான் முன்னெழுத்து. டி.எம்.வி. 7 என்று எங்கோ ஆந்திரத்துக் குடியானவர் சொன்னால் அவர் திண்டிவனத்தைத்தான் சொல்கிறார். இதெல்லாம் உங்கள் வீட்டுத் திண்ணையில் கிடக்கிற செய்தி. அதை விட்டுவிட்டு, விவசாயம் நாட்டின் முதுகெலும்பு என்று எழுதுகிறீர்கள்.

7. எல்லோரும் எழுதிவிட்ட இடத்தில் எழுதப்படாததைக் கேளுங்கள்.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டைச் சேர்த்து அறிவித்தார்கள். அதில் பதினொன்று மகாராட்டிரத்தில், ஒன்று மட்டும் நம்முடையது. அந்த வாரம் வந்த கட்டுரைகளைப் படித்தேன். ஒன்றைப் படித்தால் எல்லாவற்றையும் படித்த மாதிரி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, கல்யாண மகால், சிவாஜி 1677இல் பிடித்தது.

பிழை ஒன்றும் இல்லை. ஆனால் சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சிக்குள் இருந்தபோது முகலாயப் படை சுற்றிவளைத்து உட்கார்ந்தது ஏறக்குறைய எட்டு ஆண்டு. 1698இல்தான் கோட்டை விழுந்தது. எட்டு ஆண்டு ஒரு பெரும்படை நம் ஏரிக்கரைகளில் கூடாரம் போட்டிருந்தால், அதற்கு நெல் எங்கிருந்து வந்தது? மாட்டுக்குத் தீவனம் யார் கொடுத்தார்கள், விரும்பியா கொடுத்தார்கள்? இந்தக் கேள்வியோடு ஒருவர் தொடங்கியிருந்தால் நான் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் படித்திருப்பேன். கேள்வி உங்களுடையதாக இருந்தால் தெரிந்த செய்தியும் புதிதாகப் படிக்கும்.

8. உதடு ஒட்டாமல் ஒரு நோன்பு இருங்கள்.

நம் பொம்மபுர ஆதீனத்தோடு தொடர்புடைய சிவப்பிரகாச சுவாமிகளை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நன்னெறி பாடியவர், 32 வயதிலேயே மறைந்தவர் என்பார்கள். திருச்செந்தூரில் ஒரு புலவரோடு போட்டி வந்தபோது நிரோட்டக யமக அந்தாதி பாடினார் என்பது வழிவழியாகச் சொல்லும் செய்தி. சொல்லும்போது மேலுதடும் கீழுதடும் ஒட்டவே கூடாது. அதாவது ப, ம வரிசைகள் பக்கமே போகக்கூடாது. முருகன் மேல் பாட்டு. முருகன் என்ற பெயரையே வாயில் எடுக்க முடியாது! அதிலும் ஒரே எழுத்துத்தொடர் வேறு வேறு பொருளில் திரும்ப வரும் யமகம், அதிலும் ஒரு பாட்டு முடியும் இடத்தில் அடுத்த பாட்டு தொடங்கும் அந்தாதி. இப்படி முப்பது பாட்டு.

உங்களை அந்தாதி பாடச் சொல்லவில்லை. ஆனால் ஒரு கட்டுரைக்கு ஒரு விலக்கு வைத்துக்கொள்ளுங்கள். "மிகவும்", "மாபெரும்", "தலைசிறந்த", "இன்றியமையாதது", "என்றால் அது மிகையல்ல" ஆகிய ஐந்தும் இல்லாமல் ஒரு கட்டுரை. அடுத்ததில் "ஆகும்" இல்லாமல். கை கட்டப்பட்டதும் மூளை வேறு வழி தேடும். மாபெரும் ஏரி என்று எழுத முடியாதபோது, எந்தக் கரையில் நின்றால் எதிர்க்கரை ஆள் எவ்வளவு தெரிவார் என்று எழுதுவீர்கள்.

9. பேசுகிற தமிழில் எழுதுங்கள். கொச்சையை எங்கே வைப்பது என்று தெரிந்து வையுங்கள்.

1942இல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், தம் ஆட்களுக்காக 'இதழாளர் கையேடு' எழுதினார். மக்கள் பேசுகிற தமிழில், கொச்சையை நீக்கி, சின்னச் சின்ன வாக்கியமாக எழுத வேண்டும் என்பது அவர் கட்சி. லண்டனில் பாரிஸ்டர் படித்து வந்தவர் டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, நாலு பேர் கேட்கும்படி எழுதச் சொன்னார். அந்தக் கையேடு செய்திக்கு ஏற்றது. தினத்தந்தி தொடங்குவதற்கு முப்பது ஆண்டு முன்பே, புதுச்சேரியில் இருந்த பாரதி 1912இல் பாஞ்சாலி சபத முன்னுரையில் எளிய சொல், எளிய நடை வேண்டும் என்று கேட்டுவிட்டார்.

கட்டுரைக்கு இன்னும் கொஞ்சம் தாராளம் காட்டலாம். கரிசல் பேச்சை அப்படியே தாளில் நடக்கவிட்ட கி.ராஜநாராயணன் கடைசிக் காலம்வரை புதுச்சேரியில்தான் இருந்தார். விருத்தாசலம் பக்கத்துக் கண்மணி குணசேகரன் நடுநாட்டுச் சொல்லகராதியே தொகுத்திருக்கிறார். கொல்லை, கழனி, மல்லாட்டை என்று எழுதக் கூச்சப்படாதீர்கள். மதுரைக்காரருக்குப் புரியாதே என்றால், புரியும்படியான இடத்தில் வையுங்கள். வறுத்த மல்லாட்டையின் தோலை ஊதிவிட்டுத் தின்றார் என்றால் யாருக்குப் புரியாது?

ஆனால் ஒன்று. வட்டார வழக்கு என்ற பெயரில் எல்லா வாக்கியத்தையும் குதறிவைக்காதீர்கள். பாத்திரம் பேசும்போது பேசட்டும். நீங்கள் சொல்லும்போது தெளிவாகச் சொல்லுங்கள்.

10. கதையைக் கதை என்று சொல்லுங்கள்.

சூரபதுமன் மயிலாகித் தவமிருந்து மலையானான் என்பது நம் மயிலத்தின் தலபுராணம். அதை அப்படியே, புராணம் என்று சொல்லி எழுதுங்கள், அழகு குறையாது. அதற்கு ஐயாயிரம் ஆண்டு என்று ஓர் எண்ணைக் கட்டினால்தான் குறையும். எண்ணைக் கண்டதும் படித்தவர் சந்தேகப்படத் தொடங்குவார், பிறகு நீங்கள் சொல்கிற உண்மையையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்.

செஞ்சியின் தேசிங்கு ராஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். வரலாற்றில் அவனுக்குக் கிடைப்பது சில வரி: ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு 1714இல் சண்டை, களத்தில் சாவு. ஆனால் மக்கள் கதையில் அவனுக்குப் பாராசாரி என்ற குதிரை உண்டு. கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து சண்டைக்கு ஓடிவருகிற முஸ்லிம் தோழன் உண்டு. அந்தத் தோழன் இருப்பதால்தான் முந்நூறு ஆண்டாகக் கூத்தில் விடியவிடிய உட்கார்ந்து பார்க்கிறார்கள். இரண்டும் நமக்கு வேண்டும். எது ஏட்டில் உள்ளது, எது பாட்டில் உள்ளது என்று பிரித்துச் சொல்லிவிட்டு, இரண்டையும் எழுதுங்கள். பிரித்துச் சொல்கிறவரைத்தான் வாசகர் திரும்பத் தேடி வருவார்.

11. வாய்விட்டுப் படியுங்கள்.

மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள். நாக்கு புரளாத இடத்தில் சொல்லை மாற்றுங்கள். செல்போனில் ஒரு பத்தி முழுத் திரையை மூடினால் அது இரண்டு பத்தி. இதற்கு மேல் இதில் ரகசியம் இல்லை.

12. கிழமை தவறாதீர்கள்.

உ.வே.சா. ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கியது 1940 ஜனவரியில். அப்போது அவருக்கு 85 நிறையப்போகிறது. வாரம் ஒரு பகுதி என்று 1942இல் கண்மூடும்வரை எழுதினார், கதை முடியவில்லை. ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த மனிதர், யார் வீட்டில் என்ன பேசினார்கள், குருநாதர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை எப்படிப் பாடம் சொன்னார் என்பதையெல்லாம் அந்த வயதில் நினைவிலிருந்து எடுத்து வைத்தார். பண்டிதர் தமிழுக்கு வாரப் பத்திரிகை வாசகர் காத்திருந்தார்கள். கல்கி பொன்னியின் செல்வனை 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் நடத்தியதும் அப்படித்தான்.

அவர்களைப் போல எழுத முடியாது என்பீர்கள். சரி. அவர்களைப் போல நாள் தவறாமல் இருக்கலாம் அல்லவா? வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமை. மனநிலை வாய்க்கவில்லை என்று பிள்ளைகள் சொல்வதைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். அச்சுக்கோப்பவர் காத்திருக்கும்போது மனநிலை தானாக வாய்க்கும்.

13. முடிந்ததும் எழுந்துவிடுங்கள்.

"எனவே நாம் அனைவரும் ஒன்றிணைந்து" என்று தொடங்கும் கடைசிப் பத்தியை நான் சிவப்பு மையால் அடித்த அளவுக்கு வேறு எதையும் அடித்ததில்லை. நடக்கச் சொன்ன வழி முடிந்தது, விருந்து நடந்தது, நல்லியக்கோடன் தேர் கொடுத்தான். பாணன் அங்கே நிறுத்திக்கொண்டான். ஈகையின் சிறப்பைப் பற்றி அவன் ஓர் உரை ஆற்றவில்லை.

எனவே நானும் ஒரு வேலை கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். மழைக்காலம் வந்து உப்பளம் மூடுவதற்குள் ஒருநாள் மரக்காணம் போங்கள். பாத்தியில் உப்பு வாருகிற ஒருவரோடு காலையிலிருந்து நில்லுங்கள். என்ன கூலி, காலுக்கு என்ன செய்துகொள்கிறார், மதியம் தூக்குவாளியில் என்ன இருந்தது, மழை மாதங்களில் என்ன வேலைக்குப் போவார் என்று கேட்டு எழுதி வாருங்கள். அவர் பெயரைப் போடலாமா என்று அவரையே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பக்கம் போதும். கையெழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை, நான் படித்துவிடுவேன்.